கையடக்க லேசரில் சூட்டுக் கணக்கை யார் போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கல்லூரி மாணவர்கள் செய்த கையடக்க லேசர் டார்ச் பற்றி அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். 5 வாட் நீல லேசர், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு லித்தியம் செல், ஒரு மணி நேரம் தொடர்ந்து எரியும், பலூனை உடைக்கும், தீக்குச்சியைப் பற்ற வைக்கும் என்று வரிசையாக எழுதியிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்து ஒன்றைச் செய்து பார்க்கிறவர்கள் இன்றைக்குக் குறைவு, அவர்களைத் தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம் செய்தி எழுதியவர் மேல்தான். அவ்வளவு நீளச் செய்தியில் சூடு என்கிற பேச்சே இல்லை. 5 வாட் லேசரைக் கைக்குள் அடக்கிவிட்டோம் என்று யாராவது சொன்னால், அதற்காக உள்ளே போகும் 15 வாட்டில் மீதி 10 வாட் எங்கே போகிறது என்று கேட்டிருக்க வேண்டாமா?

நான் கோவையில் மட்டம் பார்க்கும் லேசர் லெவல், தூரம் அளக்கும் லேசர் மீட்டர் மாதிரியான சாமான்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவன். என்னிடம் வருகிற செத்த கருவிகளில் பெரும்பாலானவை கீழே விழுந்து செத்தவை அல்ல, வெந்து செத்தவை. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன், எட்டாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான். 450 நானோமீட்டர் அலைநீள நீல டயோடு (லேசர் ஒளியை உமிழும் சின்ன மின்னணுப் பாகம்) நல்ல ரகமாக இருந்தால், உள்ளே போகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாக வெளியே வரும். 5 வாட் வெளிச்சம் வேண்டுமென்றால் டயோடுக்குக் கிட்டத்தட்ட 14 வாட் கொடுக்க வேண்டும், டிரைவர், அதாவது டயோடுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சர்க்யூட், தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 15 வாட் போகும். 18650 என்று சொல்கிற செல்லைப் பார்த்திருப்பீர்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், லேப்டாப் பேட்டரிக்குள் இருந்தது அதுதான். நல்ல செல் 3 ஆம்பியர் மணி தாங்கும், 3.6 வோல்ட், பெருக்கினால் ஏறத்தாழ 11 வாட் மணி. 15 வாட்டால் வகுத்தால் 43 நிமிடம் வருகிறது. அதுவும் காகிதத்தில். செல் காலியாகக் காலியாக வோல்ட் இறங்கும், அதே 15 வாட்டைக் கொடுக்க டிரைவர் இன்னும் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், 4 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் செல்லே சூடாகும். ஆக அந்த ஒரு மணி நேரம் அங்கேயே உதைக்கிறது.

சரி, அதை விட்டுவிடுவோம். 43 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். நிஜமான சிக்கல் அதற்கு ரொம்ப முன்னாடியே வந்து நிற்கிறது.

15 வாட் உள்ளே போய் 5 வாட் வெளிச்சமாகப் போனால் 10 வாட் சூடாக அந்தக் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். டயோடைப் பிடித்திருக்கும் செம்புத் துண்டு 30 கிராம் என்று வையுங்கள். ஒரு கிராம் செம்பை ஒரு டிகிரி சூடேற்ற 0.385 ஜூல் போதும், 30 கிராமுக்கு 12 ஜூல்கூட இல்லை. அப்படியானால் செம்பு மட்டும் தனியாக இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும், 35 நொடியில் 30 டிகிரி. அதற்கு மேல் ஒரு 100 கிராம் அலுமினிய உடம்பு இருந்தால் நிலைமை கொஞ்சம் தேவலாம். அலுமினியம் கிராமுக்கு 0.9 ஜூல் வாங்கும், எல்லாம் சேர்த்து ஒரு டிகிரிக்கு 100 ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது 10 நொடிக்கு ஒரு டிகிரி. தடித்த தோசைக்கல் மெதுவாகக் காய்வதும் மெல்லிய கல் சட்டென்று காய்வதும் இதே கணக்குதான்.

நம் ஊர் அறை வெப்பம் 35 டிகிரி. அலுமினியம் 50 டிகிரியைத் தொட்டால் கையில் பிடிக்க முடியாது, கீழே போட்டுவிடுவோம். இடையில் இருப்பது வெறும் 15 டிகிரி, அதாவது 1,500 ஜூல், அதாவது 150 நொடி. இரண்டரை நிமிடம். பேட்டரி 43 நிமிடத்துக்குத் தயார், உடம்பு மூன்று நிமிடம்கூடத் தாங்காது.

காற்று ஆற்றாதா என்று கேட்பீர்கள். ஆற்றும், ஆனால் எவ்வளவு? 3 சென்டிமீட்டர் விட்டம், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர். காற்று அசையாத அறையில் ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட் வெளியே தள்ளும். 15 டிகிரி வித்தியாசம் என்றால் இந்தக் குழாய் தள்ளுவது 2 வாட். உள்ளே வருவது 10, வெளியே போவது 2. மே மாத வேலூரில் வெளியில் 41 டிகிரி அடிக்கும்போது அந்த 2 வாட்டும் ஒன்றேகால் ஆகிவிடும். குழாயில் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டிப் பரப்பைக் கூட்டலாம். எங்கள் ஊர் லேத் பட்டறைகளில் சொன்னால் அரை மணி நேரத்தில் அழகாக வெட்டித் தருவார்கள், பார்க்கவும் எடுப்பாக இருக்கும், ஆனால் அதையே கை பொத்திப் பிடித்துக்கொண்டால் காற்று எங்கே போய் ஆற்றும்?

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்கிற கதைதான் இது முழுக்க. சின்னதாகவும் இருக்க வேண்டும், 5 வாட்டும் வேண்டும், தொடர்ந்தும் எரிய வேண்டும். மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் மட்டும்தான் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்.

லேசர் டயோடின் வரலாறே சூட்டோடு மல்லுக்கட்டிய வரலாறுதான். 1960 மே மாதம் கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் செய்த முதல் லேசரில் ஒளி கொடுத்தது சின்னதொரு மாணிக்கக் கட்டி. கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். பத்திரிகைப் படம் எடுக்க வந்தவர் இவ்வளவு சின்னதா என்று நினைத்து, வேறொரு பெரிய விளக்கையும் மாணிக்கத்தையும் வைத்துப் படம் எடுத்தார் என்பது கொசுறுத் தகவல் (உங்கள் செய்திப் படத்தைப் பார்த்ததும் இதுதான் ஞாபகம் வந்தது). ஆனால் அதுவும் பளிச் பளிச்சென்று துடிப்பாகத்தான் ஒளி விட்டது, அதற்கு மின்சாரம் கொடுத்த பெட்டி உள்ளங்கையில் அடங்காது. 1962இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் ஹால் குழு காலியம் ஆர்சனைடில் முதல் டயோடு லேசரைச் செய்தபோது, அதைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், முக்கி வைத்துத்தான் எரிக்க முடிந்தது. அறை வெப்பத்தில் விடாமல் எரியும் டயோடு வர 1970 ஆனது. சோவியத் லெனின்கிராடில் இயற்பியலாளர் அல்பெரோவ் குழுவும், பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் செய்தார்கள். வெவ்வேறு பொருள்களை அடுக்கடுக்காக வைத்து, மின்சாரம் வீணாகச் சிதறாமல் ஒரு மெல்லிய படலத்துக்குள் மடக்கியதுதான் அவர்கள் செய்த காரியம். வெளிச்சத்தைக் கூட்டியதைவிட சூட்டைக் குறைத்ததுதான் அதில் பெரிது என்பது என் அபிப்பிராயம். அல்பெரோவுக்கு 2000இல் நோபல் கிடைத்தது.

சூடு ஏறினால் டயோடுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கைதான் சுடும் என்று நினைக்கிறார்கள். டயோடு லேசராக எரிய ஆரம்பிக்கக் குறைந்தபட்ச மின்னோட்டம் ஒன்று வேண்டும். சூடு ஏற ஏற அந்த வாசல் உயர்ந்துகொண்டே போகும். அதே மின்னோட்டத்தில் வெளிச்சம் குறையும், குறைந்த வெளிச்சம் சூடாக மாறும், சூடு இன்னும் ஏறும். மலிவான சிவப்பு பாயின்டர்களில் வெளிச்சத்தைப் பார்த்து மின்னோட்டத்தைச் சரி செய்யும் சர்க்யூட் சிலவற்றில் இருக்கும், குளிரில் அது நல்ல வேலை செய்யும். வெயிலில் அதுவே எமன். வெளிச்சம் குறைந்துவிட்டதே என்று மின்னோட்டத்தைக் கூட்டும், டயோடு இன்னும் சூடாகும், இன்னும் கூட்டும், கடைசியில் டயோடின் முகப்பே பொசுங்கிவிடும். பல மலிவு சிவப்பு டயோடுகளின் விவரத் தாளில் உச்ச வரம்பு 40 அல்லது 50 டிகிரிதான். மதியம் மூடிய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டு வந்து ஏன் எரியவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

டயோடைச் செம்பில் பொருத்துவது இன்னொரு பாடு. 9 மில்லிமீட்டர் தகரத் தொப்பி மாதிரி இருக்கும் டயோடை வைஸில் வைத்து மெதுவாக நெருக்கி, செம்புத் துளைக்குள் அடிவரைக்கும் உட்கார வைக்க வேண்டும். பார்க்க உட்கார்ந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். காகிதத் தடிமன், 0.1 மில்லிமீட்டர், காற்று இடைவெளி அடியில் நின்றுவிட்டால்கூட அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு வாட் சூடு கடக்க 60 டிகிரி வித்தியாசம் வேண்டும். 9 வாட் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதே இடைவெளியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் நிரப்பினால் வாட்டுக்கு ஒரு டிகிரிகூட ஆகாது. வெளியே அரைக் கிலோ அலுமினியம் தொங்கவிட்டாலும் இந்த ஒரு மயிரிழையில் ஏமாந்தால் எல்லாம் வீண். வெளியே குழாய் சில்லென்று இருக்கிறதே, சூடே இல்லையே என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். குழாய் சில்லென்று இருந்தால் சூடு டயோடிலேயே நிற்கிறது என்று அர்த்தம். நன்றாகச் செய்த டார்ச்சில் குழாய்தான் சீக்கிரம் சுட வேண்டும்.

பேட்டரிப் பக்கத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், திருவிழாக் கடையில் சாவிக்கொத்தோடு விற்கிற சிவப்பு லேசர். மூன்று பொத்தான் செல், 4.5 வோல்ட், 30 மில்லிஆம்பியர். பெருக்கினால் 135 மில்லிவாட். வெளியே வரும் வெளிச்சம் அதிகபட்சம் 5 மில்லிவாட். பாதிக்குப் பாதி ரெசிஸ்டரிலேயே எரிந்துவிடுகிறது, ஆனாலும் யாருக்கும் கையைச் சுடுவதில்லை, ஏனென்றால் மொத்தமே 0.13 வாட்தான். அப்புறம் பச்சைக்கு வாருங்கள். மனிதக் கண் பச்சையைத்தான் நன்றாகப் பிடிக்கும், 650 நானோமீட்டர் சிவப்பைவிட 532 நானோமீட்டர் பச்சை அதே மில்லிவாட்டில் 8 மடங்கு பளிச்சென்று தெரியும். அதைக் கேட்டதும் ஆகா, பேட்டரி மிச்சம் என்று தோன்றும். ஆனால் பழைய ரகப் பச்சை பாயின்டருக்குள் இருப்பது பச்சை டயோடே இல்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு நியோடிமியம் படிகத்தை உசுப்பி, அது 1064 நானோமீட்டர் கொடுத்து, அதை இன்னொரு படிகம் பாதியாக மடித்து 532 ஆக்குகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கமிஷன். இரண்டு பென்சில் செல்லிலிருந்து 250, 300 மில்லிஆம்பியர் இழுத்து, 0.8 வாட் தின்று, 5 மில்லிவாட் பச்சை கொடுக்கும். 8 மடங்கு பளிச், 6 மடங்கு பசி. மிச்சம் என்று சொல்ல ரொம்ப ஒன்றும் இல்லை.

அதோடு அந்த 808 டயோடின் அலைநீளம் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் நகரும். படிகம் பிடித்துக்கொள்வது ஒரு குறுகிய பட்டையைத்தான். கொடைக்கானலில் விடியற்காலையில் நட்சத்திரம் காட்டப் பச்சை பாயின்டரை எடுத்தால் மங்கலாக அழுது வடியும், சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி எடுத்தால் பளிச்சென்று ஆகும். கீழே இறங்கி வத்தலக்குண்டு வெயிலில் அதையே விடாமல் அழுத்திப் பிடித்தால் மறுபடி மங்கும். இப்போது நேரடியாகப் பச்சை உமிழும் 520 நானோமீட்டர் டயோடுகள் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, அதற்கு நீல டயோடைச் சாத்தியமாக்கிய காலியம் நைட்ரைடு வேலைக்கும் அதில் முன்னே நின்ற ஜப்பானிய விஞ்ஞானி ஷுஜி நாகமுராவுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மங்கலுக்குள் ஒரு விஷமும் இருக்கிறது. பச்சை மங்கினாலும் உள்ளே அகச்சிவப்பு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைத் தடுக்கும் ஒரு சின்னக் கண்ணாடி வடிகட்டியை விலையைக் குறைக்க விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கத் தர ஆய்வு நிறுவனமான நிஸ்ட் 2010இல் வெளியிட்ட அறிக்கையில், 10 மில்லிவாட் என்று எழுதி விற்ற ஒரு பச்சை பாயின்டரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு மட்டும் ஏறத்தாழ 20 மில்லிவாட் இருந்ததாகச் சொன்னார்கள். பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கிற பிள்ளையின் கண்ணுக்குள் அது போகும், கண் சிமிட்டக்கூடத் தோன்றாது, ஏனென்றால் ஒன்றும் தெரியவில்லையே. அதே நிறுவனம் 2013இல் 122 பாயின்டர்களை அளந்தபோது பச்சையில் 90 சதவீதத்துக்குப் பக்கமும் சிவப்பில் 44 சதவீதமும் அவர்கள் நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை. நம் ஊர்க் கடைகளில் தொங்குகிறவற்றை அப்படி வரிசையாக அளந்து யாராவது போட்டால் நன்றாக இருக்கும், உங்கள் பத்திரிகையே ஏதாவது கல்லூரியோடு சேர்ந்து செய்யலாம்.

இப்போது இந்தச் சூட்டை வெல்லவே முடியாதா என்றால், புத்தியிருந்தால் ஏமாற்றலாம். மெழுகு ஒரு வழி. பாரஃபின் மெழுகு ஒரு கிராம் உருகச் சுமார் 200 ஜூல் வாங்கிக்கொள்ளும். 20 கிராம் மெழுகைக் குழாய்ச் சுவருக்குள் வைத்தால் 4,000 ஜூல், நம் 10 வாட்டை 400 நொடி தாங்கும், அதுவரை வெப்பநிலை உருகுநிலையை விட்டு அதிகம் நகராது. அதே 20 கிராம் அலுமினியம் 15 டிகிரிக்கு வாங்குவது 270 ஜூல்தான். ஆனால் மெழுகுக்குள் சூடு நகரவே நகராது, அதனால் உள்ளே மெல்லிய செம்புத் தகடுகளை நெருக்கமாகச் செருக வேண்டும். அப்புறம் மறுபடி உறைய அரை மணி நேரம், ஒரு மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். அந்த மாணவர்கள் இதைச் செய்து பார்த்தார்கள் என்று எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

இன்னொரு வழி, விட்டு விட்டு எரிப்பது. பறவை பார்ப்பவர்களும் கோல்ஃப் ஆடுபவர்களும் வைத்திருக்கும் தூரமானிகளைப் பாருங்கள். அதில் 905 நானோமீட்டர் டயோடு ஒன்று 75 வாட் உச்சத்தில்கூட அடிக்கும். கேட்டால் திடுக்கிடும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் 50 நானோ நொடிதான், நொடிக்கு ஆயிரம் துடிப்பு. பெருக்கிப் பார்த்தால் சராசரி 4 மில்லிவாட்கூட வரவில்லை. சுண்டு விரல் பாதி அளவு லித்தியம் செல் ஒன்றில் மாதக்கணக்கில் ஓடுகிறது, சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க் என்று ஒன்றே வேண்டியதில்லை. கையடக்க லேசர் என்று நான் மதிப்பது இதைத்தான். வேலைக்கு எவ்வளவு ஒளி வேண்டுமோ அதை, வேண்டிய நேரத்துக்கு மட்டும் கொடுப்பது.

என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன், லேசர் லெவல். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் கையில் இப்போது டியூப் லெவலுக்குப் பதில் பச்சைக் கோடு போடும் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு பித்தளை ஊசல் தொங்குகிறது, லேசர் டயோடுகள் அந்த ஊசலின் மேல்தான் இருக்கின்றன. பெட்டியைச் சற்றுச் சாய்வாக வைத்தாலும் ஊசல் தானே நேராக நின்று கோட்டை மட்டமாக்கும், அடியில் ஒரு காந்தம் ஆட்டத்தை அடக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஊசல் எதையும் தொடக்கூடாது. தொட்டால் மட்டம் போச்சு. தொடாவிட்டால் சூடு எதன் வழியே வெளியே போகும்? மின்சாரம் கொண்டுபோகும் கம்பியைக்கூடத் தலைமுடி மாதிரி மெல்லிசாகத்தான் போட முடியும், தடித்த கம்பி ஊசலைப் பிடித்து இழுத்துவிடும். அப்போது சூடு போக இருக்கும் ஒரே வழி மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று. இதனால்தான் இந்தக் கருவியில் டயோடைச் சில மில்லிவாட்டில் நிறுத்துகிறார்கள், நல்ல கம்பெனிகள் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அணைத்து அணைத்து எரிக்கும் பல்ஸ் வசதியும் வைக்கிறார்கள். வெயிலில் கோடு தெரியாவிட்டாலும் ரிசீவர் என்கிற ஒளி உணரும் கருவி அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொள்ளும், பேட்டரியும் மிச்சம், சூடும் குறைவு.

மலிவுச் சரக்கில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 16 கோடு, சூப்பர் பிரைட் என்று பெட்டியில் போட்டுவிட்டு அதே ஊசலில் கூடுதல் மின்னோட்டத்தை ஏற்றிவிடுகிறார்கள். காலையில் மொட்டை மாடியில் வைத்தால் கோடு கத்தி மாதிரி இருக்கும். மதியத்துக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் பிடி லேசாக இளகி, கோடு தடித்து, ஓரம் மங்கி, 5 மீட்டருக்கு அப்பால் 2, 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கொத்தனார் சுவரைத் திட்டுவார், சுவர் மேல் தப்பில்லை. பாத்ரூம் சரிவு 3 மில்லிமீட்டர் மாறினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். என்னிடம் வரும் பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது டயோடு மின்னோட்டத்தைத்தான், பெரும்பாலும் அதைக் குறைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். வெளிச்சம் குறைஞ்சிருச்சே அண்ணே என்பார்கள். குறையட்டும், கோடு ஓரிடத்தில் நிற்கும் என்பேன்.

செல் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. 9900 மில்லிஆம்பியர் மணி என்று அச்சடித்த 18650 செல்கள் சந்தையில் சர்வசாதாரணம். அந்த அளவுக் குழாய்க்குள் அவ்வளவு சரக்கு அடங்காது, நல்ல கம்பெனி செல்களே 3,500க்குப் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. மளிகைக் கடைத் தராசு போதும். உண்மையான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், டூப்ளிகேட் கையில் எடுத்தாலே இலேசாகத் தெரியும். அப்படிப்பட்ட செல்லிலிருந்து 4 ஆம்பியர் இழுத்து, அதை 50 டிகிரிக் குழாய்க்குள் டயோடுக்கு முதுகோடு முதுகாக வைப்பது, அதுவும் சட்டைப் பையில் என்றால், எனக்குப் பயமாக இருக்கிறது. லேசரைக் கைவிட்டு செல்லை மட்டும் பார்த்தாலே அது ஒரு தனிச் செய்திக்கு ஆகும்.

கடைசியாகக் கண். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதத்துக்கே இடமில்லை. 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் லேசர் கண்ணில் பட்டால், கால் நொடிக்குள் இமை மூடி நம்மைக் காப்பாற்றும், லேசர் பாதுகாப்புத் தரத்தில் இரண்டாம் வகுப்பு என்று அதைச் சொல்வது அதனால்தான். லேசர் கதிரைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஒரு ஊசிமுனைப் புள்ளியாகக் குவித்துவிடும், ஒளியின் செறிவு லட்சம் மடங்கு ஏறும். 500 மில்லிவாட்டைத் தாண்டினால் நான்காம் வகுப்பு, அதற்கு மேல் வகுப்பே கிடையாது. உங்கள் செய்தியில் வந்தது அந்த எல்லையைப் போல 10 மடங்கு. சுவரில் பட்டுச் சிதறும் புள்ளியைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே ஆபத்து. பலூன் உடைக்கும் படத்தில் நான்கு பேர் சுற்றி நிற்கிறார்கள், ஒருவர் முகத்திலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. கூலிங் கிளாஸ் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: போதாது. அந்தந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடிதான் வேண்டும். சென்னையில் இறங்கும் விமானங்களின் மேல் லேசர் அடித்த செய்திகளை நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 2023இல் மட்டும் 13,304 சம்பவங்களை விமானிகள் புகார் செய்திருக்கிறார்கள். சட்டைப் பையில் 5 வாட் என்பதை வெறும் சந்தோஷச் செய்தியாக எழுதலாமா என்று யோசியுங்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அதே மாணவர்களிடம் அதே டார்ச்சை வைத்து ஒரு தொடர் செய்தி போடுங்கள். என் பட்டறையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டரும் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் இருக்கின்றன, அவர்கள் வந்தால் காசு வாங்காமல் அளந்து தருகிறேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து 5 நிமிடம், 10 நொடிக்கு ஒரு தடவை வெளிச்சம் எத்தனை வாட், செம்பு எத்தனை டிகிரி, குழாய் எத்தனை டிகிரி, செல் எத்தனை வோல்ட் என்று அவர்களே எழுதட்டும், அந்த அட்டவணையை அப்படியே அச்சிடுங்கள். என் கணக்கு தப்பாகி அது 43 நிமிடமும் எரிந்தால் அதையும் போடுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று, 450 நானோமீட்டருக்கான கண்ணாடி என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டு வரச் சொல்லுங்கள், உங்கள் புகைப்படக்காரர் உட்பட.

இப்படிக்கு,
அளவைக் கருவி பழுது பார்ப்பவர்,
கோயம்புத்தூர்.